அவர் அழிக்காத கணக்கு

‘தப்பு’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது ஒரே ஒரு தடவை. அதுவும் என்னைப் பார்த்துச் சொன்னது அல்ல.

புதுக்கோட்டையில் நான் பி.ஏ. படித்தபோது எங்களுக்கு எண் கோட்பாடு எடுத்தவர் அவர். முழு எண்கள், ஒன்றை ஒன்றால் வகுத்தால் வரும் மீதி, தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத பகா எண்கள், இவைதான் அந்தப் பாடம். அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, தலைப்பாகை, கையில் குடை. சாக்குக்கட்டியைக் காகிதத்தில் சுற்றித்தான் பிடிப்பார். விரலில் தூள் படியாது. கீழராஜவீதியில் சைக்கிளில் வரும்போது மாணவன் எவனாவது கும்பிட்டால், அவன் யாராக இருந்தாலும் சைக்கிளை விட்டு இறங்கி, நாலடி கூட நடந்து, “சௌக்கியமா இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் மறுபடி ஏறுவார்.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போனவன் நான். திருமயத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். அங்கே என்னை ‘ஏலே’ என்று கூப்பிடுகிறவர்கள்தான் எல்லோரும். தபால்காரர் கூட அப்படித்தான். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் அவர் என்னைப் பார்த்து, “வாங்க, முன்னால வந்து உக்காருங்க” என்றபோது நான் திரும்பி எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தேன். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவருக்காக நான் எதையும் செய்திருப்பேன்.

வகுப்பில் அவருடைய பழக்கம் ஒன்று உண்டு. கணக்கைச் சொல்லி யாரையாவது பலகைக்குக் கூப்பிடுவார். போனவன் இடது பக்கத்தில் எழுதுவான். சரியாக எழுதினாலும் சொதப்பினாலும் அவர் சொல்வது ஒன்றே: “நல்லா வந்திருக்குங்க.” பிறகு பலகையின் வலது பாதிக்குப் போய், “இங்கிட்டு ஒரு வழி இருக்கு, அதையும் பாருங்க” என்று தன்னுடையதை எழுதுவார். மாணவன் எழுதியதை ஒருநாளும் அழிக்க மாட்டார். மணி அடிக்கும்வரை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நாங்கள் இரண்டையும் எழுதிக்கொள்வோம். மற்ற வாத்தியார்கள் டஸ்டரைத் தூக்கி எறிகிற காலம் அது. எங்கள் எழுத்தைக் கூட மதிக்கிற மனுஷர் என்று பேசிக்கொள்வோம்.

ஜெகதாப்பட்டினத்திலிருந்து வந்து ஒருவன் எங்களோடு படித்தான். மீன்பிடிக் குடும்பம். அவனும் அவன் வீட்டில் முதல் ஆள். ஒருநாள் அவனைப் பலகைக்குக் கூப்பிட்டார். பன்னிரண்டையும் நாற்பத்திரண்டையும் பத்தால் வகுத்தால் ஒரே மீதி வரும், இரண்டு. அவன் இரண்டு பக்கமும் ஆறை அடித்துவிட்டான். பன்னிரண்டை ஆறால் வகுத்தால் இரண்டு. நாற்பத்திரண்டை ஆறால் வகுத்தால் ஏழு. ஆகவே இரண்டும் ஏழும் பத்தால் வகுத்தால் ஒரே மீதி தரும் என்று முடித்தான். சாதாரணச் சமன்பாட்டில் அடிக்கலாம். மீதிக் கணக்கில் அப்படி அடிக்கக் கூடாது. அந்தப் பாடத்தில் முதல் படியே அதுதான். ஆனால் யாராவது சொன்னால்தானே தெரியும்?

“நல்லா வந்திருக்குங்க” என்றார் அவர். “இங்கிட்டு ஒரு வழி இருக்கு.”

அவன் பரீட்சையில் இடது பக்கத்து வழியை எழுதித் தோற்றான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகும்போது என்னிடம், “சாருகிட்ட சொல்லிட்டு வந்தேன்டா. ரயிலடி வரைக்கும் சைக்கிளத் தள்ளிக்கிட்டே கூட வந்தாக. இந்தக் காலத்துல யாரு வருவா?” என்று கண் கலங்கினான். நானும் கலங்கினேன். இரண்டு பேருக்கும் வேறொன்றும் தோன்றவில்லை.

விடுதிக்கும் அவர்தான் பொறுப்பு. ஒருநாள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். சாம்பாரில் உப்பை அள்ளிக் கொட்டியிருந்தார் சமையல்காரர். நாங்கள் இலையில் குழி பறித்துக்கொண்டிருந்தோம். அவர் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, “ருசியா இருந்துச்சுங்க” என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார். போன பிறகு குடம் குடமாகத் தண்ணீர் குடித்ததாகக் கேள்வி. சமையல்காரர் அந்த வாரம் முழுக்க அதே அளவு உப்பைப் போட்டார். எவனாவது முனகினால், “பெரிய சாரே நல்லாருக்குன்னுட்டாக, ஒங்க நாக்குக்கு என்னடா கேடு?” என்பார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது எங்களுக்கு. அந்தக் கதையை வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பெருமையாகச் சொல்வோம்.

என் கதைக்கு வருகிறேன்.

பகா எண்களுக்கு ஒரு குணம் உண்டு. ஏழை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் நூற்றிருபத்தெட்டு. அதில் இரண்டைக் கழித்தால் நூற்றிருபத்தாறு. ஏழால் மீதியில்லாமல் வகுபடும். ஐந்துக்கும் அப்படியே, பதினொன்றுக்கும் அப்படியே. எந்தப் பகா எண்ணுக்கும் இது பொருந்தும் என்று அவர் வலது பக்கத்தில் நிரூபித்துக் காட்டினார். எனக்கு அதைத் திருப்பிப் போட்டால் என்ன என்று தோன்றியது. இந்தச் சோதனையில் தேறுகிற எண்ணெல்லாம் பகா எண்தான் என்று சொல்லிவிடலாமே? ஆறைப் போட்டேன், தேறவில்லை. ஒன்பதைப் போட்டேன், தேறவில்லை. பதினைந்தும் தேறவில்லை. பகா எண்கள் மட்டும் தேறின. அப்படியானால் ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்று கண்டுபிடிக்க, எதெதாலோ வகுத்துப் பார்த்துச் சாக வேண்டாம். இரட்டித்துக்கொண்டே போனால் போதும். உடம்பெல்லாம் சிலிர்த்தது எனக்கு.

அந்தக் கோடை விடுமுறை முழுவதும் ஊரில் கமலை ஓட்டினேன். கிணற்றுத் தண்ணீரைச் சாலில் மொண்டு, கயிற்றை மாடு இழுக்க, சரிவில் இறங்கி ஏறுகிற வேலை. மாடு ஒரு தடவை இறங்கினால் ஒரு சால் தண்ணீர். ஒன்றில் தொடங்கி, ஒரு சாலுக்கு ஒரு இரட்டிப்பு, எண் எத்தனையோ அத்தனை சால் என்று வைத்துக்கொண்டேன். இரட்டித்தது சோதிக்கிற எண்ணைத் தாண்டினால் அந்த எண்ணைக் கழித்துவிட்டு மீதியோடு மேலே போவேன். கடைசிச் சாலில் இரண்டு மிஞ்சினால் எண் தேறியது என்று அர்த்தம். ஒற்றைப்படை எண்ணாக ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தேன். தண்ணீர் வாய்க்காலில் ஓடும், நான் வாய்க்குள் எண்ணிக்கொண்டு பின்னோக்கி ஏறுவேன்.

“என்னய்யா மொனங்குற?” என்பார் அய்யா, மடை திருப்பிக்கொண்டே. “மாட்டுக்கு மந்திரம் ஓதுறியா?”

“கணக்குய்யா.”

“கணக்கா? நல்லா ஓது. செவலைக்கும் காதுல விழட்டும். அதும் பி.ஏ. படிக்கட்டும்.”

முந்நூறுவரை வந்துவிட்டேன். ஒரு எண்கூட ஏமாற்றவில்லை. அப்போது என்றுமில்லாத கோடைமழை பிடித்துக்கொண்டது. கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. ஊரே குலவையிட்டது. கமலையை அவிழ்த்துத் தூக்கி வைத்துவிட்டோம். என் கணக்கும் அதோடு நின்றது. அந்த மழை இன்னும் பத்து நாள் கழித்துப் பெய்திருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும். மழையைக் குறை சொல்லக் கூடாதுதான்.

கல்லூரி திறந்ததும் அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒவ்வொரு வரியாகப் படித்தார். நடுவில் ஒரு இடத்தில் அவருடைய விரல் நின்றது. பிறகு நகர்ந்தது. அந்த விரல் நின்றதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

“ரொம்ப நல்லா வந்திருக்குங்க” என்றார்.

“முந்நூறுக்கு மேலயும் பாக்கணுமா சார்?”

“போதுங்க. இதுவே நெறைய.”

அந்த வருஷம் சமஸ்தானத்தில் ஒரு உதவித்தொகை கொடுப்பதாக இருந்தது. கணிதத்தில் ஒரே ஒரு மாணவனைத் தேர்ந்தெடுத்துச் சென்னைக்கு மேல்படிப்புக்கு அனுப்புவார்கள். சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து பார்ப்பார். தானாக யோசித்த ஒரு விஷயத்தை அவர் முன்னால் பலகையில் விளக்க வேண்டும். எங்கள் வகுப்பிலிருந்து இரண்டு பேர் நின்றோம். ஒருவன் வக்கீல் மகன். இன்னொருவன் நான். அவனுக்குக் கிடைக்காவிட்டாலும் அவன் அப்பா பணம் கட்டிச் சென்னைக்கு அனுப்புவார். எனக்குக் கிடைக்காவிட்டால் படிப்பு அதோடு சரி.

“என்னத்தச் சொல்லட்டும் சார்?” என்று கேட்டேன்.

“ஒங்க சொந்த விஷயம் இருக்கே. அதையே சொல்லுங்க.”

அந்தப் பேராசிரியர் வருவதற்கு முந்தின வாரம் எங்கள் தோட்டத்து வெள்ளரிப் பிஞ்சு கொஞ்சம் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசல் கதவு திறந்திருந்தது. உள்ளே கூடத்துச் சுவரில் ஒரு சின்னப் பலகை. அதன் முன்னால் வக்கீல் மகன் கை கட்டி நின்றுகொண்டிருந்தான். பகா எண்களை முதலிலிருந்து வரிசையாகப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வருவதும் பகா எண்தான் என்று எழுதியிருந்தான்.

“தப்பு!”

நான் படியிலேயே நின்றுவிட்டேன். அவருடைய குரல்தானா என்று சந்தேகம்.

“யார்றா சொன்னா ஒனக்கு? பதிமூணு வரைக்கும் பெருக்கி ஒண்ணு கூட்டு. முப்பதாயிரத்து முப்பத்தொண்ணு வரும். அம்பத்தொம்பதால வகு. போகுதா இல்லையா? நாலஞ்சு தடவ சரியா வந்தா நிரூபணமாயிடுமாடா? மூளைய எங்க அடகு வச்ச?”

சொல்லிக்கொண்டே உள்ளங்கையால், சாக்குத்தூள் கோட்டுக் கையெல்லாம் அப்ப, அவன் எழுதியது முழுவதையும் துடைத்துத் தள்ளினார். “மொதல்லேர்ந்து போடு. சரியா வர்ற வரைக்கும் ஒனக்கு இங்க சாப்பாடு கெடையாது.”

அவன் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. பாவமே என்றிருந்தது எனக்கு. இத்தனை மாணவர்களில் இவனை மட்டும் இப்படித் திட்டுகிறாரே, இவன் மேல் அவருக்கு என்ன கோபம் என்று நினைத்தேன். என்னைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறிவிட்டது. கையைத் தட்டிக்கொண்டு, “வாங்க, வாங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். தானே உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளரிப் பிஞ்சில் ஒன்றை என் முன்னாலேயே கடித்து, “நல்லாருக்குங்க” என்றார். வரும் வழியெல்லாம், நான் கொடுத்துவைத்தவன் என்று எண்ணிக்கொண்டு நடந்தேன்.

அந்த நாள் வந்தது. அய்யா ஊரிலிருந்து விடியற்காலையிலேயே வண்டி பிடித்து வந்து, கல்லூரி வாசலில் வேப்பமரத்தடியில் வெளுத்த வேட்டியோடு நின்றார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. “நீ போய்யா. நான் இங்கிட்டே நிக்கிறேன். அவுக பாத்தா என்ன நெனைப்பாக?” என்றார்.

சென்னைப் பேராசிரியர் நல்ல மனுஷர். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. முடித்ததும், “முந்நூற்று நாற்பத்தொன்றைப் போட்டுப் பாருங்கள்” என்றார்.

உற்சாகமாகத்தான் ஆரம்பித்தேன். பத்து தடவை இரட்டித்தால் ஆயிரத்து இருபத்துநாலு. மும்முறை முந்நூற்று நாற்பத்தொன்று ஆயிரத்து இருபத்துமூன்று. மீதி ஒன்று. அங்கேயே வேலை முடிந்தது; பத்து பத்தாகத் தாவினால் முந்நூற்று நாற்பதாவது இரட்டிப்பிலும் மீதி ஒன்றுதான் நிற்கும், இன்னும் ஒரு தடவை இரட்டித்தால் இரண்டு. எண் தேறிவிட்டது.

“தேறுது சார். பகா எண்” என்றேன் சிரித்துக்கொண்டே.

பேராசிரியர் எழுந்து வந்து, சாக்குக்கட்டியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, என் வரிக்குக் கீழே எழுதினார்: பதினொன்று பெருக்கல் முப்பத்தொன்று.

பெருக்கிப் பார்த்தேன். முந்நூற்று நாற்பத்தொன்று.

கமலையில் நான் நிறுத்திய இடத்துக்கும் அதற்கும் நடுவில் இருந்தது இருபதே ஒற்றைப்படை எண்கள். டஸ்டரை எடுத்து நானே அழித்தேன். அந்தக் கல்லூரியில் என் கணக்கை முதன்முதலில் அழித்த கை என்னுடையதுதான்.

பேராசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் சாரிடம் திரும்பி இங்கிலீஷில் கேட்டார், இது நூறு வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயமாயிற்றே, உங்களுக்குத் தெரியாதா என்று. இங்கிலீஷில் பேசினால் எனக்கு விளங்காது என்று நினைத்தார்களோ என்னவோ. இவர் புன்னகையோடு சொன்னார்: “தெரியும். ஆசையாகப் போட்டுக்கொண்டு வந்தார். மனசு நோக வேண்டாமே என்று விட்டுவிட்டேன்.”

அடுத்து வக்கீல் மகன் வந்தான். பகா எண்களுக்கு முடிவே இல்லை என்பதை, ஒரு ஓட்டை இல்லாமல், நாலே வரியில் நிரூபித்தான். முப்பதாயிரத்து முப்பத்தொன்று பகா எண் அல்ல என்பதையும் தானாகவே சொல்லி, ஆனாலும் நிரூபணம் ஏன் நிற்கிறது என்று விளக்கினான். உதவித்தொகை அவனுக்குப் போனது. போக வேண்டியதுதான். அவன் கணக்குச் சரி.

வெளியே வந்தபோது எங்கள் சார் எனக்கு முன்னால் வேப்பமரத்தடிக்குப் போய் அய்யாவிடம் பேசிக்கொண்டிருந்தார். குடையை அய்யா தலைக்கும் சேர்த்துப் பிடித்திருந்தார்.

“ஒங்க மகன் ரொம்ப நல்லாப் பண்ணினாருங்க.”

அய்யா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் காலைத் தொடக் குனிந்துவிட்டார். அவர் பதறித் தூக்கினார். “ஐயய்யோ, பெரியவங்க நீங்க…”

அவர் போனபின் அய்யா என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். நான் பிறந்ததிலிருந்து அப்படிப் பிடித்ததில்லை. பேட்டையில் தெரிந்த வண்டிக்காரர் ஒருவர் எதிரே வந்தார். “மகன் மெட்ராசுக்குப் போறான்ல” என்று அவரிடம் சொல்லிவிட்டார். ஊர் எல்லை வருவதற்குள் இன்னும் எத்தனை பேரிடம் சொல்வாரோ என்று அவர் கையை இழுத்து நிறுத்தினேன்.

“அய்யா, கெடைக்கல.”

“என்னது?”

“நான் போட்டது தப்பு. கெடைக்கல.”

“வாத்தியாரு நல்லாப் பண்ணுனேன்னாகளே?”

“அவுக எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவாக.”

அய்யா என் கையை விட்டார். கொஞ்ச தூரம் போனதும், “பெரிய மனுஷக. பொய்யா சொல்லுவாக? நீதான் சரியா வெளங்காமச் சொல்ற” என்றார். கடைசிவரை அய்யா அப்படித்தான் நம்பினார்: தன் மகன் ஏதோ ஏடாகூடமாகப் பேசி வந்த இடத்தைக் கெடுத்துக்கொண்டான், அந்தத் தங்கமான வாத்தியார் எவ்வளவோ பாடுபட்டார்.

இப்போது நான் திருமயத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறேன். கடுமையான வாத்தியார் என்று பேர். பிள்ளைகள் சிலேட்டில் தப்பாகப் போட்டால் எச்சிலைத் தொட்டு நானே அழித்துவிடுவேன். அழுகிற பிள்ளைகளும் உண்டு.

போன மாசம் கோட்டைக்கு எதிரே பஸ் நிற்கிற இடத்தில் அவரைப் பார்த்தேன். ஏதோ கல்யாணத்துக்கு வந்துவிட்டுப் புதுக்கோட்டைக்குத் திரும்புகிறாராம். தலைப்பாகை இல்லை, கோட்டு அதேதான். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் பாதி எழுந்துவிட்டார்.

“சௌக்கியமா இருக்கீங்களா? அப்பா சௌக்கியமா?”

“அய்யா போயிட்டாரு சார்.”

“அடடா. ரொம்ப நல்லவரு” என்றார். “நீங்க இன்னும் கணக்குப் போடுறீங்களா?”

கேட்கக் கூடாது என்று வருஷக்கணக்காக வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது. “சார், முந்நூத்தி நாப்பத்தொண்ணு. நான் கொண்டாந்து காட்டுன அன்னிக்கே ஒங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியுங்க.”

“வக்கீல் மகனுக்குச் சொன்னீங்களே. எனக்கு ஏன் சொல்லல?”

அவருக்குக் கொஞ்சமும் சங்கடமில்லை. அன்பாகவே என்னைப் பார்த்தார். “அவன் போக வேண்டிய எடம் வேற இல்லீங்களா? ஒங்க வீட்டுலேர்ந்து நீங்க அவ்வளவு தூரம் வந்ததே பெருசுங்க. அதுல போயி நான் ஒரு கொறை சொல்லணுமா?”

அவருடைய முகத்தில் துளிக் கள்ளமில்லை. இத்தனை வருஷமும் அதை எனக்குச் செய்த மரியாதை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் இப்போது கரியில் ஓடுகின்றன. கண்டக்டர் பின்னால் நின்று கரி அடுப்புக்குக் காற்றுச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தார். கரி போடுவதற்காக அவர் ஏறியிருந்த வண்டியை வடக்குப் பார்த்துத் திருப்பி நிறுத்தியிருந்தார்கள். தெரியாதவர்களுக்குப் புதுக்கோட்டை போகிற வண்டி மாதிரித்தான் இருக்கும். உண்மையில் அது காரைக்குடி வண்டி. புதுக்கோட்டைக்கு அன்றைக்குக் கடைசி வண்டி எதிர்ப்புறம் புளியமரத்தடியில் புகைந்துகொண்டு நின்றது. தினம் பார்க்கிறவன், எனக்குத் தெரியும்.

“நல்ல எடமாக் கெடைச்சிருச்சுங்க” என்றார் ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டு. “காத்து வரும்.”

ஆமாம் சார், சௌகரியமாப் போயிட்டு வாங்க என்று கும்பிட்டுவிட்டு நான் நகர்ந்திருக்கலாம். அவரிடம் நான் படித்த மரியாதை அதுதான். எஞ்சின் இருமிக்கொண்டு உயிர் பிடித்தது.

“தப்பு!” என்றேன்.

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“தப்பான வண்டியில ஏறியிருக்கீங்க சார். இது காரைக்குடி போறது. எறங்குங்க, மொதல்ல எறங்குங்க!”

பின்னால் யாரோ சிரித்தார்கள். “படிச்சவுகதான் இப்படி ஏறுவாக” என்று ஒரு பெண் குரல் கேட்டது. அவருடைய முகம் சிவந்து சுருங்கிவிட்டது. அத்தனை பேர் நடுவில் அப்படி ஒருவரும் அவரிடம் கத்தியிருக்க மாட்டார்கள். குடையும் பையுமாகத் தடுமாறி இறங்கினார். நான் கை கொடுக்கவில்லை. எதிர் வண்டியைச் சுட்டிக்காட்டினேன். என்னிடம் சொல்லிக்கொள்ளாமல், திரும்பிப் பார்க்காமல், புழுதியில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி ஏறினார்.

நொந்திருக்கும். ஆனால் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.